வியாழன், ஆறரை மணி

கூடத்துக் கதவில் ஒரு தாள்.
குருளைச் சாரணர், எட்டு வயது முதல் பத்தரை வரை.
அதன் கீழே சிவப்பு மையில், வேறொரு கையெழுத்தில்,
இடமில்லை.

மாப்லி இரண்டையும் வாசித்தாள்,
மேல்வரியை மட்டும் உரக்க.

டெலித் வந்தார். முழங்கை வரை சோப்பு நுரை,
கக்கத்தில் யாருடையதோ ஒற்றைக் காலணி.
இருபத்து நான்கு பிள்ளைகள், இரண்டே பெரியவர்கள்,
பட்டியலில் இன்னும் பதினொன்று என்றார்.
பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்,
மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்.
"பெரியவர் ஒருவர் சேர்ந்தால்
பிள்ளை ஒன்று சேரலாம்.
முடிந்த வாரம் வந்தால் போதும்."

நான் ஹோலிஹெட்டிலிருந்து டப்ளின் போகும் கப்பலில்
கயிறு பிடிப்பவன்.
நாலு நாள் கடல், நாலு நாள் கரை.
கரையில் வாய்க்கும் வியாழன்கள்
காலை நீட்டிக் கிடப்பதற்கென்றே
கடவுள் படைத்தவை.
பேனா எப்படி என் கைக்கு வந்ததென்று தெரியவில்லை.
மாப்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும்
அவளிடம் ஒரே முகம்தான்.

வழியெல்லாம் நிபந்தனைகள்:
அங்கே என்னைக் குட்டி என்று கூப்பிடக்கூடாது.
பாட்டுப் பாடினால் வாயை மட்டும் அசைக்கணும்.
கப்பல் கதை
ஒன்றே ஒன்று.

முதல் மாலை. நனைந்த கோட்டுகளின் வாடை,
மூலையில் குறட்டைவிடும் ஹீட்டர்,
ஐந்து வட்டங்களாக உட்கார்ந்திருந்த கூச்சல்.
டெலித் என்னிடம் கயிற்றைத் தந்தார்.
"இவர் கப்பல்காரர். பாருங்கள்."

போட்டேன். கண் இமைப்பதற்குள் கண்ணி விழுந்தது.
பிள்ளைகள் என் கையைப் பார்க்கவில்லை,
முடிந்துபோன முடிச்சைத்தான் பார்த்தார்கள்.
"மறுபடி."
போட்டேன்.
"மெதுவாக."

அந்தச் சொல் என் விரல்களுக்குத் தெரியாது.
காற்றில், இருட்டில், இருபதாயிரம் டன் இழுக்கையில்
மெதுவாக என்றால் ஒரு விரல் போகும்.
ஆனாலும் முயன்றேன்.
கயிறு சுற்றியது, யோசித்தது,
மடியில் புழுவாய் விழுந்தது.
"இவருக்குத் தெரியாது" என்றான் ப்ளெதின்,
வருத்தமே இல்லாமல்.

மாப்லி எழுந்து வந்தாள். என்னை
அப்பா என்று கூப்பிடவில்லை.
கயிறு குறுக்கிடும் இடத்தில் விரலை வைத்தாள்.
"நில்லுங்க.
இந்த ஓட்டை துறைமுகம்.
கப்பல் அடியிலிருந்து வெளியே வருது.
கலங்கரை விளக்கை ஒரு சுற்றுச் சுற்றுது.
எதையோ மறந்துட்டு
வந்த ஓட்டையிலேயே திரும்ப உள்ளே போகுது."

"எதை மறந்துச்சு?" என்றாள் சுசானா.
"சாப்பாட்டு டப்பா. எப்பவும் அதுதான்."

சிரிப்பு என் காதுவரை சுட்டது.
ஆனால் இருபத்தைந்து கயிறுகளில்
கப்பல்கள் வெளியே வந்தன,
சில விளக்கில் மோதின,
ஒன்று கரைக்குப் போய்விட்டது.
ப்ளெதின் தன் காலணியை
பெஞ்சுக் காலோடு கட்டிப்போட்டான்.
அவிழ்க்க இதைவிட இலகுவான முடிச்சு கிடையாது.
அவன் போட்டது இது அல்ல.
போன வாரத்துக் காலணியின் கதை
அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீடு திரும்புகையில் மாப்லி
என் கையைப் பிடிக்கவில்லை.
கயிற்றின் ஒரு முனையைத் தந்தாள்,
மறுமுனை அவளிடம்.
"அடுத்த வாரம் நெருப்பு" என்றாள்.
அவ்வளவுதான்.

சனிக்கிழமை அதிகாலை, முனைக்காற்று.
கயிற்றை வளைத்தேன்.
விளக்கைச் சுற்றும் இடத்தில் கை
ஒரு நொடி நின்றுவிட்டது.
"என்னய்யா?" என்று கத்தினான் எமிர்.
ஒன்றுமில்லை. டப்பா பையில்தான் இருந்தது.

காத்திருக்கும் பதினொன்றில்
எமிரின் மகனும் ஒருவன், ஆறாவது பெயர்.
அவனைத் தாண்டித்தான் மாப்லி உள்ளே போனாள்.
இதை நான் எமிரிடம் சொல்லவில்லை.

டீயை ஊதிக்கொண்டே
அவனை ஏற இறங்கப் பார்த்தேன்.
"வியாழக்கிழமை சாயங்காலம்
நீ என்ன செய்கிறாய்?"